மலையகப் பிள்ளைகளுக்கான இணையவழிக் கற்றல் மென்பொருளைத் தெரிவுசெய்வது எப்படி?

இணையவழி வகுப்புக்கு மென்பொருள் தேடும் ஆசிரியர் பெரும்பாலும் தமது மடிக்கணினியில், தமது வீட்டு வைஃபையில் அது நன்றாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் அந்த முடிவு பிழையாகிப்போவதற்கு அதுவே முதற்காரணம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், சிக்னல் தேடி மலை மேட்டுக்கு ஏறிய தோட்டத்துப் பிள்ளைகளை நாம் கண்டோம். அவர்களை நினைவில் வைத்திருப்பவர்கள், வகுப்பிலேயே மிக மலிவான கைத்தொலைபேசி உள்ள பிள்ளையின் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலிலிருந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆகவே எந்தச் செயலியையும் பதிவிறக்குவதற்கு முன்னர் ஒரு தாளில் சில கேள்விகளை அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். வீட்டில் உள்ள தொலைபேசி யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, எந்த நிறுவனத்தின் சிம், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா, வழக்கமாக எந்த டேட்டா பக்கேஜ் போடுகிறார்கள் என்பவை போதும். பல வீடுகளில் இருக்கும் ஒரே தொலைபேசி அப்பாவுடனோ அண்ணனுடனோ காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறது. அம்மா பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மாலையாகிவிடுகிறது. இந்தப் பதில்கள் கைக்கு வந்ததும், காலை 9 மணி நேரலை வகுப்பை நம்பித் தெரிவுசெய்யப்படும் எந்த மென்பொருளும் வகுப்பில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடும் என்பது தெளிவாகும். பாடத்தை எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிப் பிறகு பார்க்க இடந்தரும் கருவிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரலை வகுப்பு சந்தேகம் கேட்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

இந்த அளவுகோலில் வட்ஸ்அப் முன்னுக்கு நிற்கிறது. அது தொலைபேசி உள்ள பெரும்பாலானோரிடம் ஏற்கனவே இருக்கிறது; பத்து நிமிட ஒலிப்பதிவு சில மெகாபைட்டுக்குள் அடங்கும்; சிக்னல் கிடைத்த நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் கரும்பலகையைப் படம்பிடித்து அப்படியே அனுப்பினால், செயலி படத்தைச் சுருக்கிவிடுவதால், கணித பாடத்தில் எண்ணுக்கு மேலே சிறிதாக எழுதிய அடுக்கு 2 ஆ 3 ஆ என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். கூகுள் டிரைவ் செயலியிலேயே உள்ள ஸ்கேன் வசதியால் கறுப்பு வெள்ளை பிடிஎப் ஆக மாற்றி, ஆவணமாக அனுப்பினால் எழுத்தும் தெளிவாக இருக்கும், கோப்பும் சிறியதாக இருக்கும். வேறொரு சிக்கல் இதைவிடப் பெரியது. சாதாரணக் குழுவில் எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் இலக்கம் வெளியே போவதைப் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. கம்யூனிட்டி வசதியின் அறிவித்தல் குழுவில் உறுப்பினரின் இலக்கங்கள் மற்ற உறுப்பினருக்கு மறைக்கப்படுவதால் அதையே பயன்படுத்துங்கள். பெற்றோரின் இலக்கத்தையே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரலை வகுப்புக்கு வரும்போது செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். சூம் நிறுவனத்தின் கணிப்பின்படி ஒலிக்கு மட்டும் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் தேவை. அது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 மெகாபைட். உயர்தர வீடியோவுக்கு 600 கிலோபிட். பெறுவதற்கு மட்டுமே மணித்தியாலத்துக்கு 270 மெகாபைட் கரைந்துவிடும். எனவே கமராக்களை அணைத்துவிட்டு, குரலையும் திரையில் பகிரும் பக்கத்தையும் மட்டும் வைத்து நடத்துங்கள். சூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிகிறது. அது ஏறத்தாழ நமது பாடசாலைப் பாடவேளையின் அளவுதான், ஆனாலும் எல்லோரும் உள்ளே வந்து சேர்வதற்குள் பத்து நிமிடம் போய்விடும். கூகுள் மீட் குழுக் கூட்டங்களுக்கு 60 நிமிடம் தருகிறது. இரண்டில் எது என்பதைப் பிள்ளைகளின் பக்கேஜ் தீர்மானிக்கட்டும்: தொலைபேசி நிறுவனங்கள் குறிப்பிட்ட சில செயலிகளுக்கென்றே பக்கேஜ் விற்பதால், அந்தப் பட்டியலில் இல்லாத செயலியை நீங்கள் தெரிவுசெய்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ரீலோட் போட வேண்டி வரும்.

ஒப்படைகளையும் புள்ளிகளையும் ஒழுங்காக வைத்திருக்க கூகுள் கிளாஸ்ரூம் இலவசமாகவும் எளிதாகவும் கிடைக்கிறது. ஆனால் பொதுவாக 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் தொடங்க முடியாது என்பதால், ஆரம்பப் பிரிவுக்கு அது ஒத்துவராது. மூடில், யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய திறந்த மூலப் பாட மென்பொருள். அதன் செயலியில் பாடத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாம், ஆசிரியர் அனுமதித்தால் வினாவிடையையும் இணையமின்றிச் செய்து பின்னர் அனுப்பலாம். இதைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் வேண்டும். வலயக் கல்விப் பணிமனையோ வேறொரு நிறுவனமோ அந்தப் பொறுப்பை ஏற்காவிட்டால், ஒரு தனிப் பாடசாலை அதில் இறங்காமலிருப்பதே நல்லது.

எந்தத் தளமானாலும் எழுத்துருவைச் சோதிக்காமல் விடாதீர்கள். நமது வினாத்தாள்களில் பெரும்பங்கு இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்படுகிறது. அதைப் பிரதிசெய்து கூகுள் படிவத்திலோ மூடிலிலோ ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே பிள்ளையின் திரையில் தோன்றும். எல்லாக் கருவிகளிலும் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

சிக்னலே எட்டாத தோட்டங்களுக்கு கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். பாடசாலையிலோ தோட்டத்து வாசிகசாலையிலோ உள்ள ஒரு பழைய கணினியில் அதை நிறுவி, ஒரு வைஃபை ரவுட்டரை இணைத்தால், சுற்றியிருக்கும் தொலைபேசிகள் டேட்டா இல்லாமலே பாடங்களைத் திறக்கலாம். ஆசிரியர்கள் தாங்கள் பதிவுசெய்த தமிழ் வீடியோக்களையும் குறிப்புகளையும் அதில் சேர்க்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள தமிழ்மொழிப் பாடங்களும் இலவசமாகவே இருப்பதால், உள்ளடக்கத்துக்காகப் பணம் கேட்கும் செயலியை வாங்குவதற்கு முன்னர் அவற்றைப் பாருங்கள். தமிழ்நாட்டுச் செயலிகள் அழகாக இருந்தாலும், பாடத்திட்டமும் கலைச்சொற்களும் வேறாக இருப்பதால் சாதாரண தரப் பரீட்சைக்கு அவற்றை மட்டும் நம்ப முடியாது.

முடிவெடுத்ததும் ஒரு பாடத்தை மட்டும் வைத்து இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். வகுப்பில் உள்ள மிகப் பழைய தொலைபேசியைக் கேட்டு வாங்கி, வைஃபையை அணைத்து, மழை பெய்யும் ஒரு மாலையில் லயத்து வாசலில் நின்று, உள்நுழைவது முதல் ஒப்படையைப் படம்பிடித்து அனுப்புவது வரை பிள்ளையையே செய்யவிடுங்கள். எங்கே கை தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு, தொலைபேசியின் செட்டிங்ஸில் அந்தச் செயலி எடுத்த டேட்டாவையும் பாருங்கள். தொலைபேசியே இல்லாத பிள்ளைகளுக்கு அதே பாடத்தை அச்சிட்டு, வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிட ஏற்பாடு செய்த பிறகு, மற்றப் பாடங்களுக்கும் அந்தக் கருவியை விரிவுபடுத்தலாம்.