டனல் படகா, வீ படகா? காசல்ரீயில் வேகமாக ஓட்ட நினைப்பவருக்கு

போன மாதம் நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வந்தான். போனில் ஒரு படம் காட்டினான். நீர்கொழும்பில் ஒருவர் விற்கிறாராம்: 15 அடி டனல் படகு, 75 குதிரைவலு எஞ்சினோடு. "அண்ணே, இது நம்ம காசல்ரீயில பறக்குமா?" என்று கேட்டான். காசல்ரீ என்பது நோர்வூட்டுக்குப் பக்கத்து மலை நீர்த்தேக்கம்.

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயமில்லை. பேசிப் பேசித் தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது. நான் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, சார்ஜாவில் ஒன்பது வருடம் பைபர் படகுப் பட்டறையில் தேய்த்தும் பூசியும் தொழில் பழகியவன். அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு படகையும் மனதுக்குள் கவிழ்த்துப் போடுங்கள். வீ படகின் அடி, மண்வெட்டிப் பிடிக்குச் சீவிய கட்டை மாதிரி நடுவில் கூராக இருக்கும், இரண்டு பக்கமும் சரிவாக ஏறும். எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில் அந்தச் சரிவு எத்தனை பாகை என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 20க்கு மேல் போனால் ஆழ வீ. அலையை வெட்டிக்கொண்டு போகும், ஆனால் தண்ணீருக்குள் அமுங்குவதால் வலு தின்னும். அமெரிக்காவில் ரே ஹண்ட் வடிவமைத்த 'மொப்பி' என்ற ஆழ வீ படகு 1960இல் மயாமி - நசாவு ஓட்டப்போட்டியில் கொந்தளித்த கடலில் வென்ற பிறகுதான் உலகமே அந்த அடியைப் பார்த்துச் செய்யத் தொடங்கியது. 14 முதல் 18 பாகை என்றால் நடுத்தர வீ. வேகத்துக்கென்று செய்த வீ படகுகளில் கூர் முனை பின்பலகை வரை போகாது. கடைசிச் சில அடிகளில் அதைச் சீவி, ஒரு கை அகலத்துக்குத் தட்டையாக விட்டிருப்பார்கள். அதைப் 'பேட்' என்போம். முழு வேகத்தில் படகு அந்தக் கையகலத் தட்டையில் மட்டும்தான் நின்று ஓடும்.

டனல் வேறு சாதி. இரண்டு பக்கமும் இரண்டு ஒடுங்கிய மிதவை, நடுவில் வாய்க்கால். முன்னாலிருந்து நுழையும் காற்று அந்த வாய்க்காலில் அடைபட்டு அழுந்திப் படகைத் தூக்குகிறது. ஆடிக் காற்றில் லயத்துத் தகரம் படபடவென்று எழும்புமே, அதே கதைதான். தகரத்துக்கு அடியில் காற்று போனால் கூரை கிளம்பும், அதற்காகத்தான் மேலே கல்லும் பழைய டயரும் வைக்கிறோம். டனல் படகில் அந்தக் கல் நீங்கள்தான். இத்தாலியின் மொலினாரி குடும்பம்தான் இந்த அமைப்பைப் போட்டிக்குக் கொண்டுவந்து பேர் வாங்கியது. 1981இல் முதலாவது ஃபோர்முலா வன் படகுப் பட்டமும் ரெனாட்டோ மொலினாரிக்கே போனது. சார்ஜாவில் காலித் வாவியில் அந்தப் போட்டி நடக்கும்போது கரையில் நின்று பார்த்திருக்கிறேன். 200 கிலோமீற்றருக்கு மேல் வருகிற படகு, மிதவையின் பின் நுனி மட்டும் தண்ணீரைத் தொட, மற்றதெல்லாம் காற்றில். அதைப் பார்த்துவிட்டு வந்து டனல் வேண்டாம் என்று சொல்வது எனக்கும் லேசில்லை.

ஆனால் அந்தத் தூக்கல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 100இல் கிடைப்பதில் கால்வாசிதான் 50இல் கிடைக்கும். மெதுவாகப் போகும்போது டனல் என்பது இரண்டு மிதவையை இழுத்துக்கொண்டு போகிற ஒரு பாரம், அவ்வளவுதான்.

இனி மலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கரையோரத்தில் இருப்பவர்கள் கொடுக்கும் கணக்கு இங்கே சரிவராததற்குக் காரணம் இதுதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் சுமார் 3 வீதம் வலுவை இழக்கும். காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றரில் இருக்கிறது, அங்கே 75 குதிரை 67 ஆகிவிடும். நுவரெலியா கிரகறி வாவி 1,870 மீற்றருக்குக் கிட்ட, அங்கே 61தான். வீ படகுக்கு இழப்பு இதோடு முடிந்தது. தண்ணீர் எந்த உயரத்திலும் ஒரே தண்ணீர், அடியைத் தூக்குவதில் குறை வைக்காது. வேகமும் வலுவின் வர்க்கமூலத்தோடு போவதால் 11 வீத வலு போனால் 5, 6 வீத வேகம்தான் போகும். டனலுக்கோ இரட்டை அடி. தூக்குகிற காற்றே மெலிந்துவிட்டது. அதே வேகத்தில் காசல்ரீயில் 10 வீதம், நுவரெலியாவில் 17 வீதம் தூக்கல் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட இன்னும் வேகம் வேண்டும், அதற்கு வலு வேண்டும், அதுவும் குறைந்திருக்கிறது.

கிரகறி வாவியை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 1873இல் ஆளுநர் கிரகறி காலத்தில் வெட்டிய சின்ன வாவி, பெடல் படகும் பிள்ளைகளும் நிறைந்த இடம். வேகம் பேசுவதென்றால் காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும்தான். அங்கேயும் நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எஞ்சினை மாட்டாதீர்கள். படகு வாங்கின பிறகு அனுமதிக்கு அலைவதைவிட, அனுமதி கிடைத்த பிறகு படகுக்கு அலைவது மேல்.

அப்புறம், யாரை ஏற்றப் போகிறீர்கள்? இதை நேர்மையாக யோசியுங்கள். தம்பி முதலில் "நான் மட்டும்தான்" என்றான். கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தான், மச்சானோடு அவன் பெண்சாதியும் வந்தாள். டனலில் இரண்டு பேரை முன்னால் உட்காரவைத்தால் மூக்கு எழும்பாது, வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும். பின்னால் உட்காரவைத்தால் மூக்கு தேவைக்கு மேல் எழும்பும். வீ படகு ஆள் கூடினால் வேகம் குறையும், குணம் பெரிதாக மாறாது. திரும்பும்போதும் வித்தியாசம் உண்டு. வீ உள்பக்கம் சாய்ந்து திரும்பும், சைக்கிள் மாதிரி, உட்கார்ந்திருப்பவருக்குச் சுகம். டனல் சாயாது. தட்டையாக நின்று கடித்துத் திரும்பும், ஆளை வெளிப்பக்கம் வீசும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர் எதைப் பிடிப்பார்?

சின்னச் சுருக்கலை என்றால் டனல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு அருமையாகப் போகும். அலை கொஞ்சம் உயர்ந்தால் மிதவைகள் தட்டித் தட்டி முதுகை முறிக்கும், மூக்கு குத்தவும் பார்க்கும். நம்ம பக்கம் காலை ஏழு மணிக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், மத்தியானம் காற்று இறங்கினால் மாறிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 16, 17 பாகைச் சரிவும் பேட்டும் உள்ள பாரம் குறைந்த வீ படகுதான் சரி. பத்தாமவர் தனியாள், காலையில் மட்டும் ஓட்டுவார், எஞ்சின் வலு படகுக்குத் தேவையைவிடக் கூட இருக்கிறது, ஓட்டிப் பழகிய கை. அவர் டனல் வாங்கட்டும், நானே வந்து தள்ளிவிடுகிறேன்.

பழைய படகு பார்க்கப் போகும்போது மூன்று சாமான் போதும்: ஒரு பத்து ரூபாய்க் குற்றி, நாலடி ரசமட்டப் பலகை, ஒரு டோர்ச். குற்றியின் விளிம்பால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள், முக்கியமாக எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றி. நல்ல மரம் 'டொக் டொக்' என்று காய்ந்த சத்தம் கொடுக்கும். உள்ளே தண்ணீர் போய் உளுத்திருந்தால் 'பொத்' என்று விழும், ஈரமண்ணைத் தட்டுகிற மாதிரி. பைபர் மேலே பளபளவென்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். எஞ்சினின் கீழ்முனையைப் பிடித்து ஆட்டுங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் விலை பேசவே வேண்டாம்.

அடுத்து ரசமட்டப் பலகையை அடியில், பின்பலகையிலிருந்து முன்னோக்கி, நீளவாட்டில் வைத்து மறுபக்கம் டோர்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியக்கூடாது. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடியில் குழி விழுந்திருக்கிறது, அது மூக்கை அமுக்கும். பலகை நடுவில் தட்டி இரண்டு நுனியும் ஆடினால் புடைப்பு, அது படகைத் தவளை மாதிரித் துள்ளவைக்கும். வீயில் பேட்டையும், டனலில் இரண்டு மிதவையையும் தனித்தனியாகப் பாருங்கள். டனலில் ஒரு மிதவை மட்டும் குழி விழுந்திருந்தால் நேராக ஓடவே ஓடாது. மிதவையின் உள்விளிம்பு கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் யாரோ மணலில் இழுத்திருக்கிறார்கள். மிதவைக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று வடிகால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இருபது லீற்றர் என்றால் இருபது கிலோ, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

தண்ணீரில் இறக்கியதும் கணக்கு. முழு வேகத்தில் எஞ்சின் சுற்றையும் போன் ஜீபீஎஸ் காட்டும் வேகத்தையும் குறியுங்கள். புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். எஞ்சின் சுற்றை அந்தப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 0.001524ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால் நழுவல் இல்லாமல் வரவேண்டிய வேகம். உதாரணமாக 5,500 சுற்று, 19 பிட்ச், கியர் 2 என்றால் கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர். போன் 69 காட்டினால் நழுவல் 13 வீதம். வீ படகுக்கு 10 முதல் 15 நல்லது. டனலில் 10க்குக் கீழே வரவேண்டும், அதற்கு மேல் போனால் காற்று தூக்கவில்லை என்று அர்த்தம். கீழ்நாட்டிலிருந்து வந்த எஞ்சின் இங்கே முழுச் சுற்றுக்கு வராது. பிட்ச் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும், எனவே 19 இருந்த இடத்தில் 17 போடுங்கள். கார்புரேட்டர் எஞ்சின் என்றால், பெற்றோல் போகும் துளையான ஜெட்டையும் சின்னதாக்க வேண்டும். பிளக் கறுத்து ஈரமாக வந்தால் பெற்றோல் கூடப் போகிறது.

எஞ்சினின் சாய்வை மாற்றி மூக்கை ஏற்றி இறக்கும் ட்ரிம் பட்டனை மெல்ல மெல்லத்தான் தொட வேண்டும். வீ படகு பேட் மேல் ஏறியதும் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டத்தோடு ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சண்டை பிடித்தால் கூடும். ட்ரிம்மைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, வேகத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அடங்கிவிடும். சடாரென்று விடக்கூடாது.

டனலில் எச்சரிக்கை சத்தமாக வராது. ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு 14 அடி டனலைத் திருத்தி, நானே பெற்றோல் டாங்கியைப் பின்னுக்குத் தள்ளி வைத்து, அணைப் பக்கம் காற்றுக்கு எதிரே ஓட்டினேன். ட்ரிம்மை இன்னொரு தொடு தொட்டேன். ஸ்டியரிங் லேசாகிவிட்டது. அடுத்து அடியில் தண்ணீர் அடிக்கிற சத்தம் நின்றது. முன்னால் தேயிலை மலை இருந்த இடத்தில் வானம். ட்ரிம்மை உள்ளே அமுக்கிக்கொண்டே காலைத் தளர்த்தினேன், படகு தட்டையாக விழுந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு கணம் பிந்தியிருந்தால் முதுகுப்பக்கம் புரண்டிருக்கும். டாங்கியை அங்கே வைத்தவன் நான், வேறு யாரைத் திட்ட? எஞ்சினை நிறுத்தும் கயிறு அன்று தொடையில் கட்டியிருந்தது. இரண்டு படகுக்கும் அந்தக் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் சாவியைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. தண்ணீர் வற்றும் காலத்தில் கரையை ஒரு தரம் நடந்து பாருங்கள். மவுஸ்ஸாக்கலையில் பழைய மஸ்கெலியா டவுனே அடியில் கிடக்கிறது. நீர் இறங்கினால் கோயில் தலை காட்டும். அதில் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு சுவரும், நீர் இரண்டு மீற்றர் ஏறினபின் உங்கள் புரொப்பெல்லருக்குக் கொஞ்சம் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

முந்தாநாள் தம்பி நீர்கொழும்பிலிருந்து கூப்பிட்டான். போனைப் பின்பலகைக்குக் கிட்டே பிடித்துக் குற்றியால் தட்டினான். டொக், டொக், டொக், பொத்.

"கேட்டுச்சா அண்ணே?"

"கேட்டுச்சு. கடைசி பஸ் போறதுக்குள்ள கிளம்பு."