ஜெம்பே கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: கையவிட காது முக்கியம்

மேற்கு ஆப்பிரிக்காவோட கை டிரம்மான ஜெம்பே கைக்கு வந்த உடனே எல்லாரும் பண்றது ஒண்ணுதான், ஓங்கி அடிக்கிறது. நானும் முதல் மூணு மாசம் அப்படித்தான் அடிச்சேன், கை வீங்கிச்சே தவிர சத்தம் வரல. மேல இருக்கிறது மெல்லிசான ஆட்டுத்தோல், அதுக்கு பலமே வேணாம், கை எங்க படுது, பட்டதும் எவ்ளோ சீக்கிரம் எழும்புதுங்கிறதுதான் விஷயம்.

மோதிரத்த கழட்டிடுங்க. சேர்ல உக்காந்து டிரம்ம ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு முன்பக்கமா கொஞ்சம் சாய்ச்சுக்கோங்க, அடியில இருக்கிற ஓட்டை தரையோட ஒட்டிக்கிட்டா பேஸ், அதாவது கனமான கீழ் சத்தம், அமுங்கிப் போயிடும்.

அடிப்படை சத்தம் மூணு. பேஸுக்கு முழு உள்ளங்கையும் தோலோட நடுவுல விழணும், கையோட எடையே போதும். டோனுக்கு நாலு விரலையும் சேர்த்து, விரல் ஆரம்பிக்கிற மேடு விளிம்புல படுற மாதிரி வச்சு, விரல் முழுசும் தட்டையா விழணும், கட்டைவிரல் வெளிய. ஸ்லாப்தான் எல்லாரையும் அழவைக்கும். கை கிட்டத்தட்ட அதே இடம்தான், விரல மட்டும் லூசா விட்டு லேசா விரிச்சுக்கணும், நுனி தெறிச்சு எழும்பும், பளிச்சுனு சத்தம் வரும். வரலேன்னா இன்னும் வேகமா அடிக்காதீங்க, தோள இறக்கி கைய தளர்த்துங்க. ஒருத்தர திரும்பி உக்காரச் சொல்லி வாசிச்சுக் காட்டுங்க, எது டோன் எது ஸ்லாப்னு அவர் பாக்காமலே சொல்லிட்டா சரியான ரூட்ல இருக்கீங்க.

இப்ப எட்டு வரைக்கும் எண்ணுங்க, ஒத்தப்படைக்கு வலது கை, இரட்டைப்படைக்கு இடது. 1, 4, 5ல ஸ்லாப், 7, 8ல டோன், மத்த எண்ணெல்லாம் காலி, ஆனா சும்மா இருக்கிற கையும் காத்துல தாளத்தோட ஆடிக்கிட்டே இருக்கணும். கினி, மாலி பக்கம் நிறைய ரிதத்துல, லீட் டிரம்முக்கு பின்னாடி ஒரே அடிய திரும்பத் திரும்ப வாசிக்கிற துணை ஜெம்பே இத வாசிக்கும். பத்து நிமிஷம் நிறுத்தாம, வேகம் ஏறாம வாசிச்சுப் பாருங்க, அப்பதான் இது எவ்ளோ கஷ்டம்னு புரியும்.

அடுத்தது நிறைய பேர் விட்டுடறது, டுனுன். குச்சியால அடிக்கிற மூணு உருளை டிரம்: பெருசு டுன்டுன்பா, நடுவுல சங்பன், சின்னது கென்கெனி, கூடவே இரும்பு மணி. ரிதத்தோட மெட்டே இதுலதான் இருக்கு, என்னைக் கேட்டா ஜெம்பேக்கு முன்னாடியே இதத்தான் கத்துக்கணும். கினியோட ஹமனா பகுதியில பொறந்த ஃபமுது கொனாத்தே, பலந்துகுல பொறந்த மாமடி கெய்ட்டா, இந்த ரெண்டு ஜெம்பே கலைஞர்களோட ரெக்கார்டிங்கையும் தேடி, ஜெம்பேய மறந்துட்டு சங்பன மட்டும் கேளுங்க. அறுவடை ரிதமான கஸ்ஸாவுல ஆரம்பிக்கலாம். முதல் நாள் ஒண்ணும் பிடிபடாது, நாலாவது தடவ கேக்கும்போது காலு தானா தட்டும்.

குழுவ நடத்துற லீட் ஜெம்பே வாசிக்கிறவரோட கண்ணு, கூட நடனம் ஆடுறவங்க கால் மேலதான் இருக்கும், அவங்க வேகம் ஏத்தினா அந்த அடிய அப்படியே டிரம்ல எடுத்துக் குடுப்பார். ஒரு சின்ன சிக்னல் வாசிச்சுதான் ஆரம்பிப்பார், ஆட்டம் மாறவும் நிறுத்தவும் அதே சிக்னல்தான். நீங்க துணை வாசிக்கும்போது அத தவறவிட்டா மொத்த குழுவும் நின்னப்புறம் உங்க அடி மட்டும் தனியா கேக்கும், அதனால வாசிக்கும்போது உங்க கைய பாக்காதீங்க, லீட பாருங்க.