மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகவில்லையா? இவற்றைச் செய்யாதீர்கள்

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரை நம் கணினியிலேயே ஓட்டத் தரும் தொகுப்பு சாம்ப். அதன் கன்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும், 'மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். அதற்கப்புறம் புதிதாகக் கற்பவர்கள் பதறிப்போய்ச் செய்கிற காரியங்கள் எல்லாம் நான் அந்த வயதில் செய்தவைதான். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

சிவப்பு வரியை அப்படியே தேடுவது

அந்த வரியில் ஒரு தகவலும் இல்லை. போர்ட் (சர்வர் பேசும் வாசல் எண்) தகராறு, டிஸ்க் நிரம்பியது, ஃபைல் கெட்டது, மை.ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் எழுத்துப்பிழை என்று எதுவானாலும் பேனல் அதையேதான் காட்டும். காரணம் டேட்டா ஃபோல்டரில் உள்ள எரர் லாக்கில் இருக்கிறது. பேனலிலேயே லாக்ஸ் பட்டன் உண்டு. திறந்ததும் கடைசி வரியைப் படிக்காதீர்கள், அது பெரும்பாலும் 'அபார்ட்டிங்' என்று முடியும். கடைசியாக ஸ்டார்ட் செய்த நேரத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே முதலில் வரும் எரர் என்ன என்று பாருங்கள்.

3306

மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் இது. வேறொரு மைஎஸ்க்யூஎல் சர்வீஸ் அந்த போர்ட்டைப் பிடித்திருந்தால் நெட்ஸ்டாட் கட்டளை காட்டிவிடும். சாம்பை 3307-க்கு மாற்றிவிட்டு பிரௌசரில் டேபிள்களைக் காட்டும் பிஎச்பிமைஅட்மினின் கான்ஃபிகை மாற்றாமல் விட்டால், அது 3306-ல் இருக்கும் இன்னொரு சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். டேபிள் ஒன்றும் காணாமல் போகவில்லை, நீங்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்.

ஐபிடேட்டா1-ஐ அழிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1, கூடவே இரண்டு ஐபி லாக்ஃபைல்கள், மூன்றையும் டெலீட் செய், மைஎஸ்க்யூஎல் ஓடும் என்று சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவே இல்லை. உண்மைதான், ஓடும். அந்த ஃபைல்கள் இல்லையென்றால் சர்வர் இது புது இன்ஸ்டலேஷன் என்று நினைத்துக் காலியாகப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பேனலில் பச்சை வந்துவிடும். வீடியோ அந்த இடத்தில் முடிந்துவிடும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் இரவு ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணா, டெலீட் பண்ணதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. டேபிள் பேரெல்லாம் தெரியுது. ஆனா தொட்டா எரர் வருது." என்ன எரர் என்று கேட்கவே தேவையில்லை. 1932, 'டசின்ட் எக்சிஸ்ட் இன் என்ஜின்'. பேனலில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015-லிருந்து சாம்ப் தருவது மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. அதில் டேபிளின் பெயர் எஃப்ஆர்எம் ஃபைலில் இருப்பதால் பட்டியலில் தெரிகிறது. விவரங்கள் பெரும்பாலும் ஐபிடி ஃபைலில் இருக்கின்றன. ஆனால் எந்த ஐபிடி எந்த டேபிளுக்குச் சொந்தம் என்ற பதிவேடு ஐபிடேட்டா1-க்குள் இருந்தது. அவன் அழித்தது அந்தப் பதிவேட்டை.

ரீசைக்கிள் பின்னில் இருந்திருந்தால் சர்வரை நிறுத்திவிட்டு மூன்று ஃபைலையும் சேர்த்துத் திரும்ப வைத்திருக்கலாம். தம்பி ஷிஃப்ட் டெலீட் அடித்திருந்தான். மிச்சம் இருந்த வழி, ஒவ்வொரு டேபிளையும் அதே அமைப்பில் புதிதாக உருவாக்கி, அதன் காலி ஐபிடி-யைக் கழற்ற டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ் கொடுத்து, பழைய ஐபிடி-யைக் காப்பி செய்து, அதை இணைக்க இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ் கொடுப்பது. அமைப்பு தெரிய வேண்டுமே! அவனுடைய கைடுக்கு எப்போதோ அனுப்பிய எக்ஸ்போர்ட் ஃபைல் மெயிலில் கிடந்ததால் தப்பித்தான். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளோடு இணைப்பு) வைத்திருந்த டேபிள்கள் விடியும்வரை படுத்தின.

அந்த வீடியோக்களின் கீழே "ரொம்ப நன்றி ப்ரோ" என்று வரிசையாக எழுதியிருப்பவர்களில் பலருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை, வகுப்பில் செய்த பயிற்சி டேபிள்கள்தான். ஒரு கடையின் பில்லிங் கணினியில் இதைச் செய்து பார்த்தால் அப்புறம் நன்றி வராது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் பேக்கப் ஃபோல்டர். சாம்பின் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் இருப்பது உங்கள் பேக்கப் அல்ல, இன்ஸ்டால் செய்த அன்றைய காலி டேட்டா. அதை டேட்டா ஃபோல்டரின் மேல் காப்பி செய்தால் காலி ஐபிடேட்டா1 வந்து உங்களுடையதை மூடிவிடும். உருவாக்கியிருந்த யூசர்களும் பாஸ்வேர்டுகளும் போய்விடும். சரி, என்னதான் செய்வது? சர்வர் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

ஃபோர்ஸ் ரெக்கவரியை நேராக 6-ல் வைப்பது

கெட்ட டேட்டாவோடும் சர்வரை வலுக்கட்டாயமாக எழுப்ப மை.ஐஎன்ஐ-யில் சேர்க்கும் வரி இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி. அது 1-லிருந்து 6 வரை போகும். 1-ல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4-ம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். சர்வர் எழுந்ததும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியால் டேட்டாவை எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டு, அந்த வரியை மை.ஐஎன்ஐ-யிலிருந்து நீக்குங்கள். பலர் மறப்பது இந்தக் கடைசி வேலையை. அப்புறம் ஏன் இன்சர்ட் ஆகவில்லை என்று கேட்பார்கள்.

ரீஇன்ஸ்டால்

காப்பி எடுக்காமல் வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள்

அந்த இன்னொரு டேட்டாபேஸ் சர்வரிலும் இதே கதைதான். டேட்டா மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் பிஜி எக்ஸ்லாக் என்ற ஃபோல்டரை வெறும் லாக் என்று நினைத்து இடம் காலி செய்ய அழித்தவர்கள் பலர். 2017-ல் வந்த 10-ம் பதிப்பில் அதை பிஜி வால் என்று பெயர் மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, சர்வர் ஓடுகிறது என்று குறித்துவைக்கும் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஃபைலை அழிக்கும் முன் அதன் முதல் வரியில் உள்ள எண்ணை (ப்ராசஸ் ஐடி) டாஸ்க் மேனேஜரில் தேடுங்கள். அந்த எண்ணில் போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஃபைலைத் தொடாதீர்கள்.