இணையதளத்தைப் புதுப்பிக்கிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் கிருஷ்ணகிரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் நிறுவனத்தின் இணையதளத்தைப் புதிதாகச் செய்து தரும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. மடிக்கணினியைத் திறந்து காட்டினார்கள். குறை சொல்ல முடியாது. கல்லின் பளபளப்பு திரையில் அப்படியே தெரிந்தது.

"பழைய தளம் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"அழித்துவிட்டோம் அண்ணா. புதியதை கூகுள் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்றான் மூத்தவன்.

அந்த வாக்கியத்தை அதே தெம்போடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை இன்றும் உறுத்துகிறது. அவர்களிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்துப்பிழை, மங்கலான படம், அழுத்தினால் ஒன்றும் நடக்காத பொத்தான் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது ஒருவர் முதல் நாளே சுட்டிக்காட்டிவிடுவார்.

நிறத்தில் தொடங்குவது

முதல் கூட்டமே "பச்சையா, நீலமா" என்று போனால் அந்த வேலை கோணலாகத்தான் முடியும். முதலாளிக்கு அவருடைய குவாரியின் வான்வழிக் காட்சி முகப்பில் ஓட வேண்டும். மகனுக்கு பெங்களூருவில் பார்த்த ஏதோ ஒரு தளம் போல வேண்டும். இருவரையும் விட்டுவிட்டு, அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் போய் உட்காருங்கள்.

ஒரு கிரானைட் அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்த அம்மாவிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அழைத்தவர்கள் கேட்டதை எல்லாம் குறித்து வைத்திருந்தார். பலகையின் கனம் 2 செ.மீ.யா 3 செ.மீ.யா, பாலிஷ் போட்டதா, லெதர் ஃபினிஷா, ஒரு கன்டெய்னரில் எத்தனை சதுர மீட்டர் ஏறும், எந்தத் துறைமுகம். இதே கேள்விகள்தான் பக்கம் பக்கமாக. குவாரி மேலிருந்து எப்படித் தெரியும் என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்த நோட்டை வரிசைப்படுத்தி எழுதினோம்; தளத்தின் திட்டம் பாதி முடிந்துவிட்டது.

பழைய முகவரிகளைக் குப்பையில் போடுவது

இதற்குத்தான் வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் தளத்தை மாற்றிக்கொடுத்தேன். இந்த மாவட்டத்தில் மாங்கூழ் என்றால் பெரும்பாலும் பெங்களூரா. கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். அதோடு கொஞ்சம் அல்போன்சா. பழைய தளத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பக்கம் இருந்தது. பெங்களூராக் கூழ் குறைந்தது 14 பிரிக்ஸ் (இனிப்பை அளக்கும் அலகு), அல்போன்சா 16, புளிப்பு எவ்வளவு, 215 கிலோ டிரம்மா, 3.1 கிலோ டின்னா என்பதெல்லாம் அதில் இருக்கும். பார்க்கச் சகிக்காத தளம்தான். ஆனால் விவரம் துல்லியம். 37 பக்கங்களை 12 ஆகச் சுருக்கினேன். முகவரிகளை எல்லாம் என் ரசனைக்கு மாற்றினேன். பழைய கோப்புகளைச் சர்வரிலிருந்து அழித்தேன். மார்ச் கடைசியில் புதிய தளம் ஏறியது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஏப்ரல் நடுவில் அழைத்தார். "தம்பி, டிரம்மில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் போனில் காட்டினால் பக்கம் இல்லை என்று வருகிறதாமே? வளைகுடாவிலிருந்து கேட்கிறார்கள்."

க்யூஆர் குறியீட்டைத்தான் கட்டம் என்றார். ஒவ்வொரு டிரம்மின் லேபிளிலும் அது இருந்தது. சரக்கின் விவரப் பக்கத்துக்குப் போகும் பழைய முகவரியைத் தாங்கி, ஆயிரக்கணக்கில் அச்சாகி, கடல் தாண்டிப் போயிருந்தது. தளத்தை மாற்றும்போது அப்படி ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. லேபிளுக்கும் இணையதளத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? அது என் வேலை.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தபோதுதான் சேதம் எவ்வளவு என்று தெரிந்தது. வரிக்கு வரி 404, அதாவது கேட்ட பக்கம் இல்லை என்ற பதில். பெங்களூரா விவரத்தாளின் பழைய முகவரி ஒன்றே நாளுக்குப் பல முறை தட்டப்பட்டுக் கொண்டிருந்தது. டிரம்மிலிருந்து மட்டும் அல்ல. ஏற்றுமதியாளர் பட்டியல் ஒன்றில் அந்த இணைப்பு இருந்தது. பழைய மின்னஞ்சல்களில் இருந்தது. விற்பனைப் பிரிவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றில் இருந்தது. கூகுள் தேடலிலும் சில வாரங்கள் அந்தப் பழைய முகவரிகளே வந்தன. சொடுக்கியவர்கள் சுவரில் முட்டினார்கள். பிறகு அவையும் ஒவ்வொன்றாக மறைந்தன. பல ஆண்டுகளில் சேர்த்த இடம் அது. புதிய பக்கங்கள் கூகுளுக்கு முன்பின் தெரியாதவை. வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கின.

பழையபேட்டையில் இருந்த கடையைப் புதிய பஸ் நிலையம் பக்கம் மாற்றுகிறவர், பழைய ஷட்டரில் "கடை இடம் மாறியுள்ளது" என்று ஒரு அட்டையாவது ஒட்டிவிட்டுத்தான் போவார். நான் அதைக்கூடச் செய்யவில்லை. இணையத்தில் அந்த அட்டைக்கு 301 என்று பெயர். நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். பழைய முகவரியைக் கேட்டு வருகிறவரை, அவர் அறியாமலே புதிய முகவரியில் கொண்டுபோய் விடும். கூகுளும் பழைய பக்கத்துக்கு இருந்த மதிப்பைப் புதியதன் கணக்கில் சேர்க்கும். 302 என்றும் ஒன்று உண்டு. அது தற்காலிக மாற்றத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதற்றத்தில் இரண்டாவது முட்டாள்தனத்தையும் செய்தேன். 37 பழைய முகவரிகளையும் ஒரே வரியில் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். 404 நின்றது, பெருமூச்சு விட்டேன். ஆனால் பிரிக்ஸ் அளவு தேடி வந்தவருக்கு முகப்பில் கிடைத்தது மாந்தோப்புப் படமும் "வருக" என்ற வாசகமும். கூகுளும் ஏமாறாது. தொடர்பில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் அதைக் கிட்டத்தட்ட 404 ஆகவே கணக்கில் வைக்கும். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதன் உண்மையான மாற்றை உட்கார்ந்து தேடி எழுதி முடித்தபோது மே பிறந்துவிட்டது. தேடலில் பழைய இடம் திரும்புவதற்குள் பருவமே முடிந்துபோனது. மே முதல் ஜூலை வரை ஓடும் தொழிலில் இதன் பொருள் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாளி திட்டவில்லை. அடுத்த ஆண்டு வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்.

இப்போது எந்தத் தளத்தைத் தொட்டாலும், வடிவமைப்புக்கு முன்பே இரண்டு பத்தி உள்ள ஓர் அட்டவணை திறப்பேன். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அது போய்ச் சேர வேண்டிய இடம். இடப்பக்கத்தை நிரப்ப கூகுள் சர்ச் கன்சோல் (தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் கருவி), சர்வரின் பதிவேடு, பழைய தளவரைபடம் (தளத்துப் பக்கங்களின் பட்டியல்) மூன்றும் உதவும். ஆனால் அவை காட்டாதவை தொழிற்சாலைக்குள் இருக்கின்றன. கிடங்குக்குப் போய் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், லாரியின் பின்கதவு, மாங்கனிக் கண்காட்சியில் வைத்த பேனர், எல்லாவற்றையும் பாருங்கள். எங்கே முகவரி அச்சாகியிருக்கிறதோ அதெல்லாம் ஒரு வரி.

வலப்பக்கத்தில் பொருத்தமான மாற்று இல்லையா? உற்பத்தியே நின்றுபோன சரக்கா? அதை 404 ஆகவே விடுங்கள், தவறில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு போன் எண்ணாவது இருக்கட்டும். முன்பே ஒருமுறை திருப்பிவிட்ட முகவரி இருந்தால் அதன் மேல் இன்னொரு திருப்பம் போடாதீர்கள். நேராகக் கடைசி இடத்துக்கே அனுப்புங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது? முடிந்தவரை, குறைந்தது ஓர் ஆண்டு என்கிறது கூகுள். கூகுளுக்கு அது போதும், டிரம்முக்குப் போதாது. மாங்கூழ் 18 மாதம் முதல் 2 ஆண்டு வரை கிடங்கில் கிடக்கும் சரக்கு. கடைசி லேபிள் குப்பைக்குப் போகும்வரை அந்த வரி சர்வரில் இருக்கத்தான் வேண்டும். இருந்தால் செலவும் ஒன்றும் இல்லை. நான் எதையும் நீக்குவதே இல்லை.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில்?

உரிமையாளர் பெயரில். உரிமையாளரின் மின்னஞ்சலில், உரிமையாளரின் கைபேசி எண்ணில். தளம் செய்கிறவன் பெயரில் இருந்தால், அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் எண்ணை மாற்றும் நாளில் உங்கள் பெயர்ப்பலகையும் அவனோடு போய்விடும். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் புதுப்பிக்க வேண்டிய தேதி முடிந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டார்.

அச்சகத்திலிருந்து வரும் தமிழ்

துண்டறிக்கைக்கு அடித்த தமிழை அச்சகத்திலிருந்து வாங்கி அப்படியே ஒட்டுவார்கள். திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பழைய எழுத்துருவில் அடித்தது அது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழே அல்ல. தமிழக அரசு 2010இலேயே, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாறிவிட்டது, பல அச்சகங்கள் இன்னும் மாறவில்லை. மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு தமிழ் தெரிந்தவர் முழுதும் படிக்க வேண்டும். ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறி நிற்கும். இதற்கு அஞ்சி சிலர் தமிழ் வாசகத்தையே படமாக்கிப் போடுகிறார்கள். அதைத் தேடவும் முடியாது, போன் எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது.

ஓசூர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்கலாம். உங்கள் நாற்றுப் பண்ணைக்கு வருகிறவர் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவராக இருந்தால் அந்த மொழியில் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வேண்டாம். எழுதத் தெரிந்தவர் நான்கு தெரு தள்ளி இருப்பார்.

அலுவலகத்து வைஃபையில் சோதிப்பது

அஞ்செட்டி மலைப்பாதையில், 2 புள்ளி சிக்னலில் திறந்து பாருங்கள்.

சோதனைக் காலப் பூட்டு

வேலை நடக்கும்போது கூகுள் எட்டிப் பார்க்காதிருக்க ஒரு தடை போட்டிருப்பீர்கள். திறக்கும் நாளில் அதை எடுங்கள். சிரிக்காதீர்கள், நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

நாள் குறிப்பது

முதலாளிகள் வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரம் என்பார்கள். அன்றிரவு ஏதாவது உடைந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்காது. வார நடுவில் காலையில் திறப்பதே நல்லது. செவ்வாய் என்றால் முகம் சுளிப்பார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஆனால் எந்தப் புதனானாலும் பருவத்துக்கு நடுவில் வேண்டாம்.

கிரானைட் இளைஞர்கள் நேற்று போன் செய்தார்கள். பழைய ஹோஸ்டிங்கில் ஒரு காப்புப் பிரதி தப்பியிருந்ததாம். அட்டவணையில் 65 வரி சேர்ந்திருக்கிறது. அதில் 19 வரிக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. கிடங்குக்கு இனிமேல்தான் போக வேண்டும். புதன்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள், அதை அடுத்த புதனுக்குத் தள்ளிவிட்டார்கள்.