பவர் ஸ்டியரிங் பாக்ஸ் மாத்தப் போறீங்களா? முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

சேலத்துக்குள்ள ஓட்டுறப்ப பெருசா தெரியாதுங்க, ஏற்காடு ஏறும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுலதான் ஸ்டியரிங் ஆட்டம் நல்லா தெரியும், நாம திருப்பிட்டே இருப்போம் வண்டி லேட்டாதான் கேக்கும். அதுக்காக உடனே பாக்ஸ் வாங்கிடாதீங்க. ஒருத்தர உள்ள உக்கார வச்சு ஸ்டியரிங்க லேசா இப்படி அப்படி ஆட்டச் சொல்லிட்டு நீங்க கீழ பாருங்க. டை ராட் எண்டு (சக்கரத்தத் திருப்பற கம்பியோட முனை ஜாயிண்ட்) லூசுன்னா அத மட்டும் மாத்துனா முடிஞ்சுது. சீல்ல ஆயில் கசிவு மட்டும்னா சீல் கிட் மட்டும் மாத்துனா போதும். மேல ஸ்டியரிங்ல இருந்து பாக்ஸுக்கு வர்ற ஷாஃப்ட் திரும்பியும், பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக் கம்பிய அசைக்கற கை, அதான் டிராப் ஆர்ம், அசையலன்னாதான் பாக்ஸ் மேல சந்தேகப்படணும். பாக்ஸுக்குப் பதிலா ரேக் (பல் வச்ச தண்டு) இருக்கற வண்டிக்கு வேலையே வேற, இது டிராப் ஆர்ம் இருக்கற பாக்ஸ் டைப்புக்கு மட்டும்.

சமமான இடத்துல நிறுத்தி, பின் சக்கரத்துக்கு கட்டை குடுத்து, முன்னாடி தூக்கி ஸ்டாண்டு வைங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகவே கூடாது. சக்கரத்த நேரா வச்சு ஸ்டியரிங்க சீட் பெல்ட்டால கட்டிடுங்க, ஏர்பேக் வண்டின்னா அது சும்மா சுத்துனா உள்ள இருக்கற ஒயர் சுருள் அறுந்துரும்.

ஆயில உறிஞ்சி எடுத்துட்டு ரெண்டு பைப்பையும் கழட்டி வாய சுத்தமான மூடியால அடைங்க, ஒரு துளி மண்ணு போனாலும் புது பாக்ஸ் காலி. ஷாஃப்ட் ஜாயிண்ட்லயும் டிராப் ஆர்ம்லயும் பெயிண்ட்ல மார்க் போட்டுட்டு கழட்டுங்க. டிராப் ஆர்ம் சாமானியமா வராது, சுத்தியல தூக்கத் தோணும், வேணாம், புல்லர் (இழுத்துக் கழட்டற டூல்) வாடகைக்கு வாங்கியாவது இழுங்க. பாக்ஸ் நல்ல கனம், கடைசி போல்ட் கழட்டறப்ப ஒரு ஆள் தாங்கிப் பிடிக்கணும்.

புதுச மாட்டறதுக்கு முன்னாடி, இத நிறைய பேர் விட்டுடுறாங்க, பாக்ஸ் ஷாஃப்ட்ட ஒரு கோடிக்குத் திருப்பி, அங்கிருந்து மறு கோடி வரைக்கும் எத்தன சுத்துன்னு எண்ணி சரி பாதியில நிறுத்துங்க. நாலு சுத்துன்னா ரெண்டுல. நடு தப்புச்சுன்னா ஒரு பக்கம் முழுசா திரும்பும், இன்னொரு பக்கம் திரும்பாது, கொண்டை ஊசியில அப்படி மாட்டுனா என்ன ஆகும்னு நானே சொல்லணுமா. அப்புறம் மார்க் பாத்து மாட்டி, மேனுவல்ல இருக்கற டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்குங்க, பைப்புக்கு காப்பர் வாஷர் இருந்தா புதுசு போடுங்க.

வண்டிக்கு சொன்ன ஆயில மட்டும் ஊத்துங்க, கலக்காதீங்க. இஞ்சின் ஆஃப்ல, சக்கரம் தரையில படாம, ரெண்டு கோடிக்கும் மெதுவா ஒரு 15, 20 தடவ திருப்பி, குறையக் குறைய ஊத்துங்க. அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணி அதே மாதிரி, கோடியில அஞ்சு செகண்டுக்கு மேல பிடிக்காதீங்க, பம்ப் சூடாயிடும். நுரை வந்தா காத்து இருக்கு, ஆஃப் பண்ணி அடங்க விட்டு மறுபடி செய்ங்க.

அலைன்மெண்ட் பாத்துட்டு ஊருக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டி, வந்து பைப் ஜாயிண்ட்ல ஈரம் இருக்கான்னு விரல் வச்சு பாருங்க, காஞ்சு இருந்தா மட்டும் அடிவாரம் தாண்டி மலை ஏத்துங்க.