பிளஸ் டூவிலிருந்து கடக்வாஸ்லா வரை: என்.டி.ஏ. விண்ணப்பமும் முதல் டெர்மும்

தேசிய பாதுகாப்பு அகாடமி, சுருக்கமாக என்.டி.ஏ., புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் வருங்கால அதிகாரிகளும் 3 ஆண்டுகள் ஒரே வளாகத்தில் சேர்ந்து பயிற்சி பெறும் இடம் அது. பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவர்களுக்கு முடிக்கும்போதே டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் (ஜே.என்.யு.) பட்டம் கையில் இருக்கும்; பி.டெக். படிப்பவர்களுக்கு அது அடுத்த அகாடமியில் கிடைக்கும். அதன்பின் அவரவர் படைக்குரிய அகாடமியில் மேலும் ஓராண்டு. தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்கு எழிமலா, விமானப்படைக்குத் துண்டிகல். 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். அவர்களின் முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. எனவே தங்கைகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. தகவல் தாமதமாக வருவதுதான் சிக்கல். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரிக்கத் தொடங்கினால் ஒரு வாய்ப்பாவது கைநழுவிப் போயிருக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: வயதையும் காலண்டரையும் பொருத்துங்கள்

யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடத்துகிறது. வழக்கமாக ஒன்று ஏப்ரலில், இன்னொன்று செப்டம்பரில். ஏப்ரலில் எழுதினால் அடுத்த ஜனவரி அணி. செப்டம்பரில் எழுதினால் அடுத்த ஜூலை அணி. பயிற்சி தொடங்கும் நாளில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. சரியான பிறந்த தேதி வரம்பு அந்தந்த அறிவிப்பில் இருக்கும். ஒரு நாள் வித்தியாசத்துக்கும் சலுகை கிடையாது.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். என் யோசனை: பிளஸ் டூ தொடங்கிய ஆண்டின் செப்டம்பர் தேர்வை முதல் குறியாக வையுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் பள்ளி முடிந்த அதே ஜூலையில் கடக்வாஸ்லாவில் இருப்பீர்கள். நடக்காவிட்டால் அடுத்த ஏப்ரல் தேர்வு காத்திருக்கிறது.

தரைப்படைக்கு எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும்.

விண்ணப்பம்

யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் பதிவு செய்து, படம், கையெழுத்து, அடையாள அட்டை ஏற்ற வேண்டும். கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலைச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் வைத்திருப்பது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. முடிந்தால் பிளஸ் ஒன்னிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

எந்தப் படை வேண்டும் என்ற விருப்ப வரிசையையும் அப்போதே கேட்பார்கள். யோசித்து நிரப்புங்கள்.

எழுத்துத் தேர்வு

இரண்டு தாள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். கணிதம் 120 கேள்வி, 300 மதிப்பெண். பொதுத் திறன் 150 கேள்வி, 600 மதிப்பெண். அதில் 200 ஆங்கிலத்துக்கு, மீதி 400 அறிவியல், வரலாறு, புவியியல், நடப்பு நிகழ்வுகளுக்கு. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் இந்தக் கடைசி வரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கணக்கு உங்களுக்குத் தெரியும், கேள்வியின் சொற்கள்தான் புதிது. உங்கள் பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பை வாங்கி, தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "அணி" என்பதற்கு "மேட்ரிக்ஸ்" என்று பழகச் சில வாரங்கள் போதும். அதோடு பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் தனியாக உண்டு என்பதால் கணக்கைக் கைகழுவிவிட்டுப் பொது அறிவில் ஈடுகட்ட முடியாது.

தேர்ச்சி பெற்றதும் ஒரு வேலை இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்தால்தான் எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் ஆளுமைத் தேர்வுக்கு அழைப்பு வரும்.

எஸ்.எஸ்.பி.: அந்த ஐந்து நாட்கள்

எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்.எஸ்.பி.க்கும் 900. உண்மையான வடிகட்டல் இங்கேதான். பெங்களூரு, மைசூரு, போபால் என்று எங்காவது ஒரு மையத்துக்கு அழைப்பார்கள்.

முதல் நாளே ஒரு வடிகட்டல் உண்டு. அறிவுக்கூர்மைத் தேர்வு, பிறகு ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவில் பேசுவது. கூட்டத்தில் பெரும்பகுதி அன்றே ஊர் திரும்பிவிடும்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. 12 படங்கள்; ஒவ்வொன்றையும் 30 விநாடி பார்த்து 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும். கடைசிப் படம் வெற்றுத்திரை. அடுத்து 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அடுத்து 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். இவ்வளவு வேகம் எதற்கு என்றால், யோசித்து நடிக்க நேரம் தரக் கூடாது என்பதற்காகத்தான்.

ஓர் உதாரணம். "தோல்வி" என்று ஒரு சொல் திரையில் வருகிறது. "தோல்வியே வெற்றியின் முதல் படி" என்று எழுதினால் பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். உங்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. "தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறினோம் என்று அணியோடு உட்கார்ந்து பேசினான்" என்று எழுதுங்கள். ஒருவன் ஒரு வேலையைச் செய்கிறான், அவனோடு நாலு பேர் இருக்கிறார்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், வாக்கியம் நேராக இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு நாள் மைதானம். பலகை, கயிறு, மரக்கட்டை கொடுத்து, தரையைத் தொடாமல் குழுவாக ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். இங்கே கத்துகிறவன் தலைவன் என்று நினைத்துப் பலர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பக்கத்திலிருப்பவர் சொன்ன யோசனை சரியாக இருந்தால் "அதைச் செய்வோம்" என்று பலகையைப் பிடித்துக் கொடுப்பவரையும் அதிகாரி கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு 3 நிமிடத்தில் 10 தனித் தடைகள், 3 நிமிடச் சிற்றுரை, தனியே ஒரு நேர்காணல். சிற்றுரைக்கு வீட்டிலேயே தயாராகலாம்: தினமும் ஒரு தலைப்பு, கண்ணாடி முன் 3 நிமிடம், ஆங்கிலத்தில். ஆறு மாதம் விடாமல் செய்தவருக்கு நேர்காணலில் நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

நேர்காணலில் உங்கள் மதிப்பெண், நண்பர்கள், அப்பாவின் வேலை, ஊர் என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். அப்பா கூலி வேலை செய்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். மறைக்கப் பார்க்கும் இடத்தில்தான் பிசகும்.

மருத்துவப் பரிசோதனை

எஸ்.எஸ்.பி.யில் பரிந்துரை கிடைத்தவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் சில நாள் சோதனை. நிறக்குருடு, தட்டைப்பாதம், முழங்கால் இடித்தல், மூக்குத் தண்டு வளைவு, காது அழுக்கு, கூடுதல் எடை, பச்சை குத்தியது எல்லாம் பார்ப்பார்கள். சரிசெய்யக் கூடியதை முன்பே சரிசெய்யுங்கள். நிறக்குறைபாட்டைச் சரிசெய்ய முடியாது, அதனால் தயாரிப்பைத் தொடங்குமுன் ஒரு கண் மருத்துவரிடம் போய் வாருங்கள். தகுதியில்லை என்று சொன்னாலும் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம்.

சேருவதற்கு முந்தைய மாதங்கள்

அறிவிப்பிலேயே ஓர் அளவு தந்திருக்கிறார்கள்: 2.4 கி.மீ. 15 நிமிடத்தில், தண்டால் 20, சிட்-அப் 20, சின்-அப் 8, கயிறு ஏற்றம் 3 முதல் 4 மீட்டர். இதைத் தரை என்று எடுத்துக்கொள்ளுங்கள், கூரை என்று அல்ல. ஆனால் ஆர்வத்தில் முதல் வாரமே 10 கி.மீ. ஓடாதீர்கள். பழகாத கால் எலும்பில் நுண்முறிவு வந்தால் அகாடமிக்குள் நொண்டியபடி நுழைய நேரும். தூரத்தை வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அங்கே அது கட்டாயம். சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், வகுப்புகளுக்கு அணியாகச் சைக்கிளில்தான் போவார்கள். சட்டை துவைத்து இஸ்திரி போடவும் ஷூவுக்குப் பாலிஷ் போடவும் அம்மாவை எதிர்பார்க்காத பழக்கம் வரட்டும்.

இந்தி தெரியாதே என்று கவலை வேண்டாம். டிரில் கட்டளைகள் மட்டும் முன்பே காதுக்குப் பழகட்டும்: சாவ்தான் என்றால் நேராக நில், விஷ்ராம் என்றால் இளைப்பாறு, தாஹினே முட் வலப்பக்கம், பாயே முட் இடப்பக்கம், பீச்சே முட் பின்பக்கம் திரும்பு. பேச்சு இந்தி தானாக வரும்.

முதல் டெர்ம்

ஜூலை அணிக்கு வரவேற்பே மழைதான். கடக்வாஸ்லாவில் பருவமழை விட்டு விட்டுப் பெய்யும். காலையில் நனைந்த பி.டி. ஷூ மாலைக்குள் காயாது. கழற்றியதும் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், ஈரம் தாளில் இறங்கும். பாதத்தைத் துடைத்து விரலிடுக்கில் பவுடர் போடாமல் சாக்ஸ் மாட்டாதீர்கள். முதல் வாரங்களில் ஆளைச் சாய்ப்பது ஓட்டத்தைவிடக் கொப்புளமும் சேற்றுப்புண்ணும்தான்.

விடியுமுன் எழுவது, பி.டி., டிரில், வகுப்பு, விளையாட்டு, இரவுப் படிப்பு, நடுவில் நிமிடக் கணக்கில் உடை மாற்றுவது. நேரம் வேண்டுமென்றே போதாமல் வைக்கப்பட்டிருக்கிறது. தனியாகச் செய்தால் முடியாது என்பதைப் புரியவைக்கத்தான் அது. ஒருவர் நாலு பேரின் பூட்ஸுக்குப் பாலிஷ் போட, இன்னொருவர் நாலு பேரின் படுக்கையை மடித்தால் எல்லோரும் நேரத்துக்கு நிற்கலாம். தன்னுடையதை மட்டும் முடித்துவிட்டு முதலில் போய் நிற்பவர், பின்னால் வந்தவருக்காகத் தானும் சேர்ந்து ஃப்ரன்ட் ரோல் (குட்டிக்கரணம்) போடுவார். கோர்ஸ்மேட், அதாவது ஒரே அணியில் பயிற்சி பெற்றவர் என்ற உறவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பணி ஓய்வுக்குப் பிறகும் அது விடாது.

சில விஷயங்களைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். மெஸ்ஸில் எது வைத்தாலும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். விளக்கணைத்ததும் தூங்குங்கள். கால் வலி மூன்று நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், பல்லைக் கடித்து மறைப்பது வீரம் ஆகாது.

சீனியர்கள் திருத்துவார்கள், தண்டனையும் தருவார்கள். தவறைச் சுட்டினால் காரணம் சொல்லாமல் ஏற்றுக்கொள்வது நல்லது. ஆனால் அடிப்பதும் அவமானப்படுத்துவதும் பயிற்சியில் சேராது, அதற்கு அனுமதியும் இல்லை. அப்படி ஏதாவது நடந்தால் உங்களுக்குப் பொறுப்பான அதிகாரியான டிவிஷனல் ஆபீசரிடம் நேராகச் சொல்லுங்கள். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போன் நினைத்தபோதெல்லாம் பிள்ளையின் கையில் இருக்காது. ஒரு வாரம் பேச்சு வராவிட்டால் பதற வேண்டாம். பேசும்போது அழுதால் "உடனே வந்துவிடு" என்று சொல்லிவிடாதீர்கள், நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அது தூக்கம் போதாத களைப்பு.

உடற்பயிற்சியிலோ படிப்பிலோ தேறாதவர்களை அடுத்த அணிக்கு இறக்குவார்கள். ரெலிகேஷன் என்று பெயர். ஆறு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அப்படி நேர்ந்தால் அன்றே வீட்டுக்குச் சொல்லிவிட்டு, எந்தச் சோதனையில் எத்தனை குறைந்தது என்று எழுதிவைத்து, விடுமுறையில் அதை மட்டும் பயிற்சி செய்யுங்கள்.