மாடி சோலார் வெந்நீர் கொதிக்கிறதா? நம் ஊரில் எல்லோரும் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் வெந்நீருக்கு என்ன அவசியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மார்கழி விடியற்காலையில் வாடைக்காற்று அடிக்கும்போது மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு வாளி பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தால் அப்புறம் கேட்க மாட்டார்கள். வயதானவர்கள், பிள்ளை பெற்ற வீடு, உடம்பெல்லாம் உப்போடு கடலிலிருந்து வருகிறவர்கள் என்று யாராவது ஒருவர் வெந்நீர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். முன்பு சீமைக்கருவேல விறகை வைத்து அண்டாவில் காய்ச்சினோம், இப்போது மாடிக்கு மாடி சோலார். என்ன வித்தியாசம் என்றால், தண்ணீர் காய்ந்துவிட்டால் விறகை வெளியே இழுத்துவிடலாம், சூரியனை இழுத்துப்போட முடியாது.

போன பங்குனியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூன்று நாள் எல்லோரும் கல்யாண வீட்டிலேயே கிடந்ததால் சோலார் தண்ணீரை யாரும் தொடவில்லை. நான்காம் நாள் மத்தியானம் அக்காவின் சின்னவன் கால் கழுவப் போய்க் குழாயைத் திறந்தான். முதலில் வந்தது பைப்பில் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீர், அதனால் காலை நன்றாக உள்ளே நீட்டிவிட்டான், நாலு நொடி கழித்துத்தான் மாடித் தொட்டித் தண்ணீர் ஆவியோடு வந்து விழுந்தது. நல்லவேளை, துள்ளி வெளியே வந்துவிட்டான், புறங்கால் சிவந்ததோடு போயிற்று. அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏண்டா, விளாவாம எதுக்குடா வெந்நிய குழாயில விடுறீக?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாமே இருக்கிறது. அண்டா காலத்தில் யாரும் வெந்நீரை அப்படியே எடுத்து ஊற்றியதில்லை, வாளியில் விளாவி, கையை விட்டுப் பார்த்து, அப்புறம்தான் குளித்தோம். சோலார் வந்ததும் அண்டாவை மாடிக்கு ஏற்றினோம், குழாயைக் குளியலறைக்கு இறக்கினோம், நடுவில் விளாவுகிற வேலையை மட்டும் விட்டுவிட்டோம்.

எவ்வளவு சூடு ஆபத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொதித்தால்தான் சுடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1947-ல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தோல் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகிறது என்று பார்த்து எழுதினார்கள், இன்றும் அந்தக் கணக்குதான் அடிப்படை. 49 டிகிரி தண்ணீர் என்றால் ஒன்பது பத்து நிமிடம் ஆகும், 60 டிகிரி என்றால் ஐந்தே நொடி. 70-ல் எண்ண ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும். குழந்தைத் தோலும் வயதானவர்கள் தோலும் இன்னும் மெல்லியவை, அவர்களுக்கு இந்த நேரம் இன்னும் குறைவு. நம் மாடியில் இருக்கும் கண்ணாடிக் குழாய் சோலார், நல்ல வெயில் நாளில் 70, 80 டிகிரி வரை சர்வசாதாரணமாகப் போகும், இரண்டு மூன்று நாள் தண்ணீர் எடுக்காமல் விட்டால் ஆவியே கிளம்பும்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. "பெருசா வாங்கிட்டா பின்னாடி கவலை இல்ல" என்று நாலு பேர் வீட்டுக்கு 300 லிட்டர் வாங்குகிறார்கள். மூன்று நாலு பேருக்கு 100 லிட்டர் என்பதுதான் பொதுவான கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அதுவே தாராளம். ராமேஸ்வரம் 9.28 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, சூரியன் ஏறக்குறைய சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி நமக்கு நேர் உச்சிக்கு வரும், ஆகஸ்ட் கடைசியில் திரும்ப ஒரு முறை வரும். சித்திரையில் யாருக்கு வெந்நீர் வேண்டும்? யாரும் தொடாத 300 லிட்டர் மேலே கொதித்துக்கொண்டு கிடக்கும். கீழக்கரைப் பக்கம் நிறைய வீடுகளில் ஆட்கள் வெளிநாட்டில் இருப்பார்கள், வருடத்தில் ஒரு மாதம் வருவார்கள், மற்ற மாதமெல்லாம் சோலார் தனியாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது என்றால் பாதிக் கண்ணாடிக் குழாய்களை வெயில் படாமல் மூடிவிடுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் நான் பாதிக்கு மேல் தென்னங்கீற்று போட்டு வைக்கிறேன். பச்சை நிற நிழல்வலையும் போடலாம், ஆனால் கடைகளில் கிடைக்கும் பலவும் பாதி வெயிலை உள்ளே விடுகிற ரகம். பிளாஸ்டிக் தார்ப்பாய் இரண்டு வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், கீற்று அப்படி இல்லை, பழையதானால் அடுப்புக்கு.

அடுத்தது எங்கள் வீட்டிலேயே நான் செய்த முட்டாள்தனம். சூடு அதிகமாக இருக்கிறது என்று வெந்நீர் வால்வைப் பாதி திருகி வைத்தேன். வால்வைக் குறைத்தால் தண்ணீர் மெல்லிசாக வருமே தவிர சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது. 75 டிகிரி தண்ணீர் சன்னமாக வந்தாலும் 75 டிகிரிதான். சூட்டைக் குறைக்க ஒரே வழி பச்சைத்தண்ணீர் சேர்ப்பது. தொட்டியில் 75 டிகிரி, பச்சைத்தண்ணீர் 30 டிகிரி, குளிக்க 40 வேண்டும் என்றால் ஒரு செம்பு வெந்நீருக்கு மூன்றரைச் செம்பு பச்சைத்தண்ணீர். நாம் சாதாரணமாகச் சரிக்குச் சரிதான் விளாவுவோம், அதனால்தான் கை சுடுகிறது.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு கூத்து உண்டு. பச்சைத்தண்ணீர்த் தொட்டியும் அதே மாடியில், கறுப்பு நிறத்தில், உச்சி வெயிலில்தானே நிற்கிறது? மே மாதம் மத்தியானம் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே குளிக்கிற சூட்டில் வரும். சூட்டை எதைக்கொண்டு ஆற்றுவது? சோலாருக்குக் கீற்று போடும்போதே அந்தத் தொட்டிக்கும் மேலே ஒரு பந்தல் போட்டுவிடுங்கள், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

இந்த விளாவுகிற வேலையைக் குழாயிலேயே செய்ய ஒரு சாமான் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு என்பார்கள். சோலாரிலிருந்து இறங்கும் வெந்நீர் ஒரு பக்கம், பச்சைத்தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே போகும், மூன்றாவது வாய் வழியாக நாம் வைத்த சூட்டில் வெளியே வரும். உள்ளே ஒரு மெழுகுக் குப்பி சூட்டுக்குத் தகுந்தபடி விரிந்து சுருங்கி, இரண்டு பக்கத்தையும் கூட்டிக் குறைக்கும். பச்சைத்தண்ணீர் நின்றுவிட்டால் நல்ல வால்வு வெந்நீரையும் நிறுத்திவிடும். 42, 43 டிகிரியில் வைத்தால் போதும். வாங்கும்போது, மாடித் தொட்டியின் குறைந்த அழுத்தத்துக்கு ஓடுகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இரண்டு பக்கமும் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வும் தேவை. வருடம் ஒரு முறை கழற்றிப் பார்க்காவிட்டால் நம் உப்புத்தண்ணீர் அதை இறுகப் பிடித்துவிடும்.

பைப் இழுப்பதில் நடக்கும் தவறுகள்தான் அதிகம், பிளம்பரும் அவசரத்தில் இருப்பார், நாமும் கேட்க மாட்டோம். சோலாருக்குப் போகும் பச்சைத்தண்ணீரையும் குளியலறைப் பச்சைத்தண்ணீரையும் ஒரே பைப்பிலிருந்து பிரித்தால், ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது வாஷிங் மெஷினைப் போட்டதும் பச்சைத்தண்ணீர் வேகம் குறைந்து ஷவரில் வெந்நீர் மட்டும் கொட்டும். சோலாருக்குத் தொட்டியிலிருந்தே தனி பைப் இறக்க வேண்டும்.

இன்னொன்று பிரஷர் பம்ப். பச்சைத்தண்ணீர் லைனுக்கு மட்டும் பம்ப் மாட்டிவிட்டு, வெந்நீர் தானாக இறங்கட்டும் என்று விடுகிறார்கள். வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாயில் இரண்டு பக்கமும் திறந்து வைத்துக் கைஷவர் பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்தினால், பம்ப் தள்ளும் தண்ணீர் வெந்நீர் பைப் வழியாகவே மேலே ஏறி, சோலார் தொட்டியை நிரப்பி, காற்றுக்குழாய் வழியாக மாடியில் கொட்டும். மோட்டாரும் நிற்காது, தண்ணீரும் போச்சு. பம்ப் இல்லாத வீட்டில் இதே திறந்த மிக்சர் வழியாக வெந்நீர் பச்சைத்தண்ணீர் பைப்புக்குள் புகுந்து, கக்கூஸ் குழாயில் சுடச்சுட வரும். கைஷவரை மூடினால் போதாது, மிக்சரையும் மூட வேண்டும்.

சரி, அந்தக் காற்றுக்குழாய். சோலார் தொட்டியின் தலையில் மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அதைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆவி வருகிறது, அணில் கூடு கட்டுகிறது என்று மூடி போட்டு அடைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் உயிருக்கே உலை வைக்கும் தவறு இது. மாடியில் இருக்கும் சாதாரணத் தொட்டி அழுத்தம் தாங்கச் செய்ததல்ல. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் உப்பி வெடிக்கும். மாறாக, உள்ளே தண்ணீர் வராத நேரத்தில் கீழே வெந்நீர் எடுத்தால், காற்று புக வழியில்லாமல் தொட்டி உள்வாங்கி டப்பா மாதிரி நசுங்கும். குழாயின் நுனி பச்சைத்தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், அதில் எந்த இடத்திலும் வால்வு கூடாது. அணிலுக்குப் பயந்தால் நுனியை வளைத்துக் கம்பிவலை கட்டுங்கள். அயர்லாந்து, இங்கிலாந்து கிராமங்களில் சமையல் அடுப்பின் முதுகிலேயே தண்ணீர்ப் பெட்டி வைத்து வீட்டுக்கெல்லாம் வெந்நீர் விடுவார்கள். அவர்களுக்கும் நம் சிக்கல்தான், அடுப்பு எரிகிற வரை தண்ணீர் காய்ந்துகொண்டே இருக்கும். அங்கேயும் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில், காற்றுக்குழாயில், எங்கேயும் அடைப்பு வைக்கக் கூடாது என்பது முதல் விதி. மிஞ்சின சூட்டைக் கழிக்க ஒரு ரேடியேட்டரை மூடவே முடியாதபடி எப்போதும் திறந்து வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் குளிர் நாடு, மிஞ்சின சூடு அறையைக் காய வைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கீற்றுதான்.

வெந்நீருக்கு வெள்ளை பிவிசி பைப் போடாதீர்கள் என்று சொன்னால் "அதெல்லாம் தாங்கும்" என்பார்கள். 60 டிகிரியைத் தாண்டினால் அது இளகித் தொய்யும், ஒட்டின இடம் விடும். வெந்நீருக்கென்றே வரும் சிபிவிசி பைப் 93 டிகிரி வரைக்கும் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்வது. அதையும் வெயில் படும் இடத்தில் மூடி வையுங்கள், மேலே சுற்றும் நுரைப் பஞ்சைக் காக்கை கொத்திப் பிய்த்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தட்டுப்பாட்டு ஊரில் தனியாக ஒரு தவறு இருக்கிறது. காவிரித் தண்ணீர் வரவில்லை, மாடித் தொட்டி காலி, சோலாரும் காலி. பகல் ஒரு மணிக்கு லாரி வருகிறது, உடனே மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றுகிறோம். வெறும் கண்ணாடிக் குழாய் உச்சி வெயிலில் 200 டிகிரிக்கு மேல் காய்ந்து நிற்கும், அதில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல்தான். எங்கள் வீட்டில் டப் என்று ஒரு சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி. ஒரு குழாய் உடைந்தால் அந்த ஓட்டை வழியாக மொத்தத் தொட்டியும் இறங்கிவிடும், காசு கொடுத்து வாங்கின லாரித் தண்ணீர் மாடியிலிருந்து தெருவுக்கு ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோலாருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மற்றதை நிரப்புங்கள், சோலாரைப் பொழுது சாய்ந்து குழாய் ஆறின பிறகோ மறுநாள் விடியுமுன்னோ நிரப்பலாம்.

போர் தண்ணீர் உவராக இருக்கும் வீடுகளில் சூடு இன்னொரு வேலையும் செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு காயக் காயப் பிரிந்து வெள்ளைப் பொருக்காகப் படியும், 60 டிகிரிக்கு மேல் இன்னும் வேகமாக. ஷவர் ஓட்டை அடைவதும் அதனால்தான். தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும், தொட்டியை அரிக்கிற அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அது கரையும். உப்புத்தண்ணீரில் சீக்கிரமே கரைந்துவிடும், சர்வீஸ் ஆள் வரும்போது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் சோலாருக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் விடுங்கள்.

அப்படியானால் தொட்டியையே 40 டிகிரியில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கூடாது. 20-லிருந்து 45 டிகிரி வரை வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். தொட்டி 60-ல் இருக்கட்டும், குழாய்க்கு வரும் வழியில் ஆற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் வெயிலே இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கரண்ட் ஹீட்டரை ஒரு முறை போட்டு 60-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள், வருடம் முழுக்கப் போட்டபடி விடவேண்டாம்.

யாருக்காவது சுட்டுவிட்டால் பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், குழந்தை என்றாலோ, முகம், கை, மறைவிடம் என்றாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அன்றைக்கு நான் அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குத்தான் ஓடினேன், அதுவும் சுட்டது. கடைசியில் அம்மாதான் அடுக்களையில் இருந்த மண்பானையை அப்படியே தூக்கி வந்து ஊற்றினாள்.

கீற்று கட்டுவதில் ஒரு விஷயம்: குழாய் காய்வதற்கு முன், காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். கயிற்றால் மட்டும் கட்டினால் ஆடிக் காற்று ஒரே இரவில் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்விடும். நான் இரண்டு வருடம் பொறுக்கி அலுத்துவிட்டு இப்போது மேலே ஒரு பழைய மீன்வலையை விரித்து நாலு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இந்த ஆடியில் ஒரு கீற்றுகூட நகரவில்லை.